மாரடைப்புக்குப் பிறகு நேர்மறை எண்ணம்: உடலுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

மாலைநடை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 52. ஏழு வாரங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, அன்றே அடைபட்ட ரத்தக்குழாயை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, அதைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய்கள் இரண்டைப் பொருத்தினார்கள். வலது மணிக்கட்டில் குழாயைச் செலுத்திய இடம் இப்போது மிளகளவு தழும்பாக ஆறிவிட்டது. மருந்துகளை வேளை தவறாமல் சாப்பிடுகிறேன். புகைப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இயக்கம் திருப்தியாக இருப்பதாக மருத்துவர் கூறினார். உடலைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

மனம்தான் இன்னும் அந்த நாளிலேயே நிற்கிறது. இரவு இரண்டரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். இடது மணிக்கட்டில் விரல்களை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணத் தொடங்குவேன். முதல் முறை 72 இருக்கும். சரியாக எண்ணினோமா என்ற ஐயத்தில் மறுபடி எண்ணினால் 80 ஆகியிருக்கும். மூன்றாம் முறை எண்ணும்போது 90ஐத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு விடியும் வரை உறக்கம் கிடையாது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே அறிவுரையைத்தான் தருகிறார்கள்: "நல்லதையே நினையுங்கள், மனம் திடமாக இருந்தால் உடம்பு தானாகத் தேறிவிடும்." அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம், நல்லதை நினைக்க முடியாத என் மனமே அடுத்த மாரடைப்பை வரவழைத்துவிடுமோ என்று இன்னொரு பயம் சேர்ந்துகொள்கிறது. நேர்மறை எண்ணத்தால் உடல்நலத்துக்கு நன்மை உண்டு என்பது ஆறுதலுக்காகச் சொல்லப்படுவதா, இல்லை அதற்கு ஆதாரம் இருக்கிறதா? இருந்தால், என்னைப் போல எளிதில் கலங்கும் இயல்புடைய ஒருவர் அதைப் பழக முடியுமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வெள்ளைச்சீருடை:

வணக்கம் ஐயா. இதய நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரண்டரை மணி விழிப்பை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், பெரும்பாலும் மனைவியோ மக்களோ அருகில் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு. மாரடைப்புக்குப் பிறகு ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது; அந்த அளவுக்குப் போகாத பயமும் கலக்கமும் அதைவிடப் பரவலானவை. நீங்கள் கோழை இல்லை. உயிர் போய்விடும் என்று ஒருமுறை உணர்ந்த உடம்பு, மறுபடி அப்படி நேராமலிருக்கக் காவல் காக்கிறது, அவ்வளவுதான்.

நாடியை எண்ண எண்ண ஏன் கூடுகிறது என்பதை அறிந்துகொண்டால் அந்தப் பயம் பாதியாகக் குறையும். ஆபத்து என்று மூளை முடிவு செய்த நொடியிலேயே, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் செய்தி போய்விடுகிறது. அங்கிருந்து வரும் அட்ரினலின் துடிப்பை விரைவாக்கி, ரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. நீங்கள் எண்ணிப் பார்த்த 90 என்பது நோயின் கணக்கு அன்று, எண்ணியதன் விளைவு. இந்த நிலை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓயாமல் நீடித்தால் கார்டிசால் என்னும் மற்றொரு ஹார்மோனும் உயர்ந்தே இருக்கும். அது உறக்கத்தையும் ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். மனம் அமைதியடைவதால் உடலுக்குக் கிடைக்கும் நன்மையின் ஒரு பகுதி இந்த ஓயாத காவல் தளர்வதில்தான் இருக்கிறது. ஆனாலும், ஒரு நாள் இரவு பயந்துவிட்டதால் ஸ்டென்ட் அடைபட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால்தான் அடைபடும் ஆபத்து உண்மையில் அதிகம்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நடைப்பொறியில் ஏற்றிவிட்ட முதல் நாள், கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றியிருந்தார். விரல் முட்டிகள் வெளுத்துவிட்டன. மெதுவான வேகத்தில் நான்கு நிமிடங்கள்தான் நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் திரையில் ஓடும் தன் இதயக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறாவது முறை வந்தபோது, யாரும் சொல்லாமலே ஒரு கையை விட்டுவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தார். அன்று அவர் திரையைப் பார்க்கவில்லை. "போன தடவை எட்டு நிமிஷம் நடந்தேன் சிஸ்டர், ஒன்றும் ஆகவில்லையே" என்றார். நான் கண்ட நேர்மறை எண்ணம் அதுதான். யாரோ ஓதியதால் அது அவர் மனத்தில் வரவில்லை. கால்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தன.

அதே பிரிவில், எந்நேரமும் கலகலப்பாக, "எனக்கு ஒன்றுமே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் தேறிவிட்டோம் என்ற நம்பிக்கையிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி படுக்கைக்கு வந்தார்கள். எனவே ஒன்றை மனத்தில் இறுத்திக்கொள்ளுங்கள்: நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது வந்தாலும் அதை நல்ல எண்ணத்தால் விரட்டப் பார்க்காதீர்கள். அந்த நொடியே அவசர உதவியை அழைக்க வேண்டும்.


நூலகமேசை:

ஆதாரம் உண்டா என்று நீங்கள் நேரடியாகக் கேட்டிருப்பதால் அதற்கு மட்டும் விடை சொல்கிறேன். உண்டு, ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் அளவுக்கு எளிமையான ஆதாரம் இல்லை.

ஒரு பக்கம் வலுவான தொடர்பு தெரிகிறது. 2019இல் 15 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 2,29,000 பேரின் விவரங்களை அலசினார்கள். எதிர்காலம் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கும் இயல்புடையவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நேரும் ஆபத்து மற்றவர்களைவிட 35 சதவீதம் குறைவாக இருந்தது. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்றும் புகழ்பெற்றது. சராசரியாக 22 வயதில் அவர்கள் கையால் எழுதிக்கொடுத்த தன்வரலாற்றுக் குறிப்புகளில் மகிழ்ச்சி, நன்றி, நம்பிக்கை போன்ற உணர்வுகள் எந்த அளவு வெளிப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். அப்படி எழுதியவர்கள் 180 பேர். அந்தச் சொற்கள் மிகுதியாக இருந்தவர்கள், அறுபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மற்றவர்களைவிடக் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஒரே வகையான உணவும் உறைவிடமும் வேலையும் கொண்ட வாழ்க்கை என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. இந்த முடிவு வெளியான ஆண்டு 2001.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பிரிட்டனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, மகிழ்ச்சியின்மை தானாக ஆயுளைக் குறைப்பதில்லை என்று கூறியது. ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் மகிழ்ச்சியின்றி இருக்கிறார்கள். அந்த நோய்தான் ஆயுளைக் குறைக்கிறது. நோயின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மகிழ்ச்சிக்கும் ஆயுளுக்கும் இடையே தெரிந்த தொடர்பு மறைந்துவிட்டது. "என் மனநிலையே என்னைக் கொன்றுவிடுமோ" என்ற உங்கள் கலக்கத்துக்கு இது நேரடியான மருந்து என்று நினைக்கிறேன்.

உங்கள் நிலைக்கு மிக நெருங்கியதாக நான் கருதுவது, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு. மாரடைப்பு போன்ற திடீர் இதயப் பாதிப்பு நேர்ந்து இரண்டு வாரங்களே ஆன 164 பேரிடம் அவர்களுடைய நம்பிக்கை மனப்பாங்கை அளந்து, ஆறு மாதங்கள் கழித்து மறுபடி பார்த்தார்கள். நம்பிக்கை மிகுந்தவர்கள் கூடுதலாக நடமாடியிருந்தார்கள். இதயக் கோளாறுக்காக மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் அவர்களிடையே குறைவாக இருந்தது. ஆனால் ரத்தத்தில் எடுத்துப் பார்த்த அழற்சிக் குறியீடுகளில், அதாவது உடலுக்குள் இருக்கும் வீக்கத்தைக் காட்டும் அளவுகளில், அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. இதை வாசித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. நல்ல எண்ணம் ரத்தத்துக்குள் புகுந்து மாயம் செய்வதைவிட, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்ட வைப்பதில்தான் அதன் பலன் பெரிதும் அடங்கியிருக்கிறது. மேலே செவிலியர் அம்மா நடைப்பொறியில் கண்டதும் இதுவே.

மனத்தைப் பழக்கினால் இதயம் பிழைக்குமா என்பதை நேரடியாகச் சோதித்த முயற்சிகளும் இரு வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. 2003இல் முடிவு வெளியான அமெரிக்கச் சோதனையில், மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வோ ஆதரவின்மையோ இருந்த 2,481 பேர் பங்கேற்றார்கள். எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் சிகிச்சை அவர்களுடைய மனச்சோர்வைக் குறைத்தது. இறப்பையோ மறுபடி வரும் மாரடைப்பையோ குறைக்கவில்லை. 2011இல் ஸ்வீடனிலிருந்து வந்த சோதனையில் 362 இதய நோயாளிகள் இருந்தார்கள். ஓராண்டு முழுவதும் குழுவாக அமர்ந்து, பதற்றத்தையும் அவசரத்தையும் கையாளப் பழகியவர்களுக்கு இதயப் பாதிப்புகள் 41 சதவீதம் குறைவாக நேர்ந்தன. நாளும் பழகிய காலத்தின் நீளம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

இயல்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகளின்படி, நம்பிக்கை மனப்பாங்கில் ஒருவருக்கொருவர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பிறப்போடு வருவது. மீதி, வாழ்க்கையும் பழக்கமும் சேர்ந்து அமைப்பது.


அக்காவின்தம்பி:

நான் மருத்துவம் அறிந்தவன் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

என் அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்த வாரங்களில் எச்சிலை விழுங்கவே கண்ணீர் வரும். அப்போதும் பார்க்க வந்தவர்கள் முன் சிரித்த முகத்தோடு அமர்ந்திருப்பார். அவர்கள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நோய் மறுபடி தலைகாட்டியபோது அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "நான் தைரியமாக இல்லாததால்தான் திரும்பி வந்துவிட்டதா?" எல்லாரும் மாறி மாறிச் சொல்லிய அறிவுரை, கடைசியில் அவர் மீது சுமத்திய குற்றச்சாட்டாக முடிந்துவிட்டது. நானும் அதைச் சொன்னவர்களில் ஒருவன்.

அவர் மறைந்த பிறகுதான், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயாளிகள் 1,093 பேரை வைத்து நடந்து 2007இல் வெளியான ஆய்வைப் பற்றி அறிந்தேன். மனநலம் நன்றாக இருந்தவர்கள், கலங்கியிருந்தவர்கள் ஆகிய இரு சாராரின் ஆயுளிலும் அதனால் வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை என்று அது காட்டியது. அன்றே தெரிந்திருந்தால் அக்காவிடம், "அழ வேண்டும் போலிருந்தால் அழு, அதனால் நோய் வளராது" என்று சொல்லியிருப்பேன். ஐயா, உங்களுக்கு அதைச் சொல்கிறேன். பயத்தை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பயப்படுகிறோம் என்பதற்காகக் கூடுதலாக ஒரு பயத்தைச் சுமக்காதீர்கள்.


மாலைநடை:

மூவருக்கும் என் நன்றி. தம்பி, உங்கள் எழுத்தை இரண்டு முறை படித்தேன். நேற்று இரவு முதன்முறையாக என் மனைவியிடம் நாடி எண்ணும் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் விழித்திருக்கும் நேரமெல்லாம் அவரும் கண்ணை மூடியபடி விழித்தேதான் இருந்திருக்கிறார்.

எண்ணங்களைப் பழக்குவது எப்படி என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. நான் பூரண நலத்தோடு இருக்கிறேன் என்று தினமும் காலையில் இருபது முறை சொல்லச் சொன்னார் ஒருவர். பத்து நாட்கள் சொல்லிப் பார்த்தேன். சொல்லும் ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து ஒரு குரல் "பொய்" என்கிறது.


தாளும்பேனாவும்:

அந்த உட்குரல் சொல்வது சரிதான், அதனோடு சண்டை போடாதீர்கள். கனடாவில் உளவியலாளர்கள் 2009இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதையே காட்டியது. தன்மதிப்புக் குறைந்தவர்களிடம், "நான் அன்புக்குரியவன்" என்பது போன்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது, அவர்களுடைய மனநிலை முன்பைவிட மோசமாயிற்று. நம்ப முடியாத சொல்லை மனம் உள்ளே விடுவதில்லை. அதற்கு எதிரான சாட்சிகளைத்தான் தேடி எடுத்து வருகிறது.

எனக்கு இதய நோய் இல்லை. திடீர்ப் பதற்றத் தாக்குதல்களும் அவற்றோடு கூடிய உயர் ரத்த அழுத்தமும் ஆறு ஆண்டுகளாக இருந்தன. என்னைத் தேற்றியது, ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் வகுத்த முறையை அடியொற்றி, என் மனநல ஆலோசகர் கற்றுத்தந்த ஒரு பழக்கம். தாளில் மூன்று பத்திகள் எழுத வேண்டும். முதலாவதில், மனத்தில் எழுந்த எண்ணத்தை அப்படியே, மெருகேற்றாமல் எழுத வேண்டும். இரண்டாவதில், அது மெய்யென்று காட்டும் சான்றையும் பொய்யென்று காட்டும் சான்றையும் நியாயமாக எழுத வேண்டும். மூன்றாவதில், இரண்டையும் பார்த்த பிறகு நம்மால் நம்ப முடிகிற ஒரு வாக்கியத்தை எழுத வேண்டும். அந்த மூன்றாம் வாக்கியம் இனிப்பாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நம்பும்படி இருந்தால் போதும்.

உங்களை வைத்தே எழுதிக் காட்டுகிறேன், பிழையாக நினைக்க வேண்டாம். முதல் பத்தி: "நாடி 90 ஆகிவிட்டது, மறுபடி வரப்போகிறது." இரண்டாவது: "ஏழு வாரங்களாக இப்படிப் பல இரவுகள் உயர்ந்தது, ஒவ்வொரு முறையும் தானாக இறங்கியது. எக்கோ நன்றாக இருக்கிறது. நெஞ்சில் வலி இல்லை. ஆனாலும் ஒருமுறை மாரடைப்பு வந்தது உண்மை. மறுபடி வரவே வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது." மூன்றாவது: "இது பயத்தால் உயர்ந்த துடிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; வலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் மனைவிக்கும் தெரியும்." இந்தக் கடைசி வாக்கியத்துக்கு உங்கள் உட்குரல் "பொய்" என்று சொல்கிறதா என்று பாருங்கள்.

பகலில் எழுதிப் பழகுங்கள். நள்ளிரவில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. பகலில் எழுதியதை எடுத்துப் படிக்கத்தான் முடியும். என் தாளை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். மடிப்புகள் கிழிந்து, ஒட்டுநாடா போட்டு ஒட்டும் அளவுக்கு அது தேய்ந்தது. முதல் இரண்டு வாரங்கள் எந்தப் பயனும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள், எண்ணம் எழுந்தவுடனே மூன்றாம் பத்தியும் கூடவே எழுந்தது.

இன்னொன்று. முழுவதும் குணமாகி மலையேறுவது போலக் கற்பனை செய்து மகிழ்வதை மட்டும் பயிற்சியாகக் கொள்ளாதீர்கள். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இதை நீண்ட காலம் ஆராய்ந்தவர். எடையைக் குறைக்க முயன்ற பெண்களிடையே, எல்லாம் இனிதாக நடந்துவிட்டதாகக் கற்பனையில் திளைத்தவர்களுக்கு எடை குறைவாகவே இறங்கியது என்று 1991இல் அவர் காட்டினார். முடியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கோ கூடுதலாக இறங்கியது. கற்பனையிலேயே மனம் நிறைந்துவிட்டால் எழுந்து நடக்கத் தோன்றாது. எனவே விரும்புவதை நினைத்தவுடன், அதற்குக் குறுக்கே நிற்பது எது என்றும் நினைத்து, அதற்கு ஒரு வழியையும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார் அவர். "நடக்கப் போகும்போது மூச்சு வாங்கினால், நின்று இளைப்பாறிவிட்டு, பாதி தொலைவிலேயே திரும்பிவிடுவேன்" என்பது அத்தகைய முடிவு.


வெள்ளைச்சீருடை:

மேலே எழுதியவரின் தாளை எங்கள் பிரிவிலும் கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஐயா, நள்ளிரவுக்கு மட்டும் ஒன்று சேர்க்கிறேன். விரல்களை நாடியிலிருந்து எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை இயல்பாக உள்ளே இழுத்து, அதைவிட நீண்ட நேரம் எடுத்து மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது, மூளையையும் இதயத்தையும் இணைக்கும் வேகஸ் நரம்பு இதயத்தின் துடிப்பைத் தாழ்த்துகிறது. இது உடலின் அமைப்பு, இதற்கு நம்பிக்கை தேவையில்லை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு வந்தால் போதும். தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது உறக்கமின்மையையும் பயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதய நோயாளிகளின் மனநிலையையும் மருத்துவர்கள் கேட்டறிய வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கமே 2021இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். எதிலும் விருப்பமின்மை, பசியின்மை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், தாளோடும் மூச்சோடும் நிறுத்திக்கொள்ளக் கூடாது. மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.


மாலைநடை:

பதினெட்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பரிசோதித்துவிட்டு மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பெயர் எழுதிக்கொடுத்தார். வாரம் மூன்று நாட்கள் போகிறேன். விழிப்பு இன்னும் வருகிறது. ஆனால் கடிகாரத்தை மனைவி அடுத்த அறைக்கு மாற்றிவிட்டார்.

தாளின் மூன்றாம் பத்தியில் நேற்று நான் எழுதியதை இங்கே பகிர்கிறேன்: "இன்று 14 நிமிடங்கள் நடந்தேன். ஒன்பதாம் நிமிடத்தில் பயம் வந்தது. வேகத்தைக் குறைத்தேன், நிற்கவில்லை. நாளைக்கும் ஒன்பதாம் நிமிடத்தில் வரலாம்."